கம்பியில் குத்திய ரசீது: பெருமாள்மலையில் ஒரு பிராட்பேண்ட் வழக்கு

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. தீபாவளி கழிந்து இரண்டாம் நாள். கொடைக்கானல் மலைப்பாதையில், பழனிக்குச் சாலை பிரிகிற பெருமாள்மலையிலிருந்து சற்றுக் கீழே இறங்கும் சரிவில் எங்கள் வீட்டையும் சேர்த்துப் பதினான்கு வீடுகள். அன்று காலை அவற்றில் ஒன்பது வீட்டுக்காரர்களின் கைப்பேசிக்கு ஒரே ஆங்கிலக் குறுஞ்செய்தி வந்தது. மற்ற ஐந்து வீடுகளும் நிறுவனத்திடம் கொடுத்திருந்த கைப்பேசி எண் பழையது என்பதால் அங்கே ஒன்றும் வரவில்லை. அந்த ஐந்தில் எங்கள் வீடும் ஒன்று. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கைப்பேசியை நீட்டிக்கொண்டே வேலியோரம் வந்து நின்றார்.

“தம்பி, இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். மூன்று வரியில் மூன்று அடி அடித்திருக்கிறான்.”

முதல் வரி: செப்புக் கம்பி வழியாக வரும் தொலைபேசியும் பிராட்பேண்டும் நவம்பர் 30-ஆம் தேதியோடு நிறுத்தப்படும். இரண்டாவது: விரும்புகிறவர்கள் கண்ணாடி இழைக் கம்பியான ஃபைபருக்கு மாறிக்கொள்ளலாம், மாதம் 799 ரூபாய், பொருத்தும் கட்டணம் 1,500 ரூபாய், இரண்டுக்கும் வரி தனி. மூன்றாவது: முன்பணம் கட்டியிருப்பவர்களின் மீதித் தொகை புதிய திட்டத்தில் ‘சரிக்கட்டப்படும்’.

நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தொலைபேசியும் இணையமும் சேர்த்துத் தருகிற பெரிய நிறுவனம் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அது ஏன் தெரிய வேண்டும் என்பது பின்னால் வரும்.

எங்கள் சரிவில் கைப்பேசிச் சிக்னல் குறுஞ்செய்தி வருகிற அளவுக்கு உண்டு. வீடியோ அழைப்பு வேண்டுமென்றால் குடிநீர்த் தொட்டி இருக்கிற மேட்டுக்கு ஏற வேண்டும். நான் பூண்டு, காப்பி வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிப் பிழைப்பவன். மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் கணினியை விட்டு எழுந்திருக்க முடியாது. தொட்டி மேட்டில் உட்கார்ந்து கணக்குத் தாக்கல் செய்ய முடியாது. காட்டெருமை அங்கேதான் வந்து படுக்கும். நாலு வீடு தள்ளி, வந்து தங்குகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கு முன்பதிவு வருவதே இணையத்தில்தான். வேறு நிறுவனத்துக்குப் போகலாமே என்று கீழே வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் சரிவுக்குக் கம்பி இழுத்திருப்பது ஒரே நிறுவனம்.

நிறுவனத்தின் பக்கம்

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செப்புக் கம்பியைக் கைவிடுவதில் நியாயம் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப்போகப் போகச் செப்பில் இணைய வேகம் தேய்ந்துகொண்டே வரும். நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் ஒட்டிக்கொண்டிருப்பதே பெரிது. ‘10 எம்பிபிஎஸ் வரை’ என்று விற்ற திட்டத்தில் எங்களுக்கு மூன்று கிடைத்தால் நல்ல நாள். பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வரையறையை மாற்றியது. மழைக்காலத்தில் அதற்கே எங்கள் இணைப்பு முக்கும். பனியும் மழையும் இறங்கி இணைப்புப் பெட்டிகளில் பச்சை பூத்திருக்கும். செப்புக்கு விலை உண்டு என்பதால் திருட்டும் உண்டு. ஃபைபரில் இந்தத் தொல்லைகள் இல்லை. இடி மின்னலும் அதன் வழியாக வீட்டுக்குள் இறங்காது.

ஆகவே ஃபைபர் வேண்டாம் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. பிரச்சினை மூன்றாவது வரியில் இருந்தது. அது எங்களுக்கு உடனே புரியவில்லை. முதல் மூன்று நாள் 799 என்ற எண்ணை வைத்துக்கொண்டே மாரடித்தோம். “ஐந்நூறிலிருந்து எண்ணூறா? கேட்பார் இல்லையா?” என்றுதான் எல்லா வீட்டிலும் பேச்சு.

கேட்பார் இல்லை என்பதே அதற்கான பதில். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பிராட்பேண்டுக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று விலை வைப்பதில்லை. விலையை நிறுவனமே வைத்துக்கொள்ளும். நடைமுறைக்கு வந்த ஏழு வேலை நாட்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும். தனி ஆளின் புகாரையும் டிராய் விசாரிப்பதில்லை. வந்தால் நிறுவனத்துக்கே அனுப்பிவைக்கும். தலைமையாசிரியர் டெல்லிக்குப் பதிவுத் தபால் அனுப்புவதாகச் சொல்லி உறைகூட வாங்கிவிட்டார். அந்த உறை பிறகு வேறு வேலைக்குப் பயன்பட்டது.

ரசீது

என் அம்மா எந்த ரசீதையும் எறியமாட்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கம்பியில் எரிவாயு, மின்கட்டணம், ரேஷன், தொலைபேசி எல்லாம் வரிசையாகக் குத்தி வைத்திருப்பார். நாலாம் நாள் இரவு அந்தக் கம்பியை இறக்கி ஒவ்வொன்றாக உருவினோம். ஜூன் மாத ரசீது நடுவில் ஓட்டையோடு வந்தது. தொகை 7,080 ரூபாய். மாதம் 500 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 6,000, அதற்கு 18 சதவீத வரி 1,080. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளி: ‘01-06-2023 முதல் 31-05-2024 வரை’.

அந்த ஒரு வரிதான் இந்த வழக்கு.

மீதி ஆறு மாதத்துக்கு எங்கள் பணம், வரியோடு 3,540 ரூபாய், நிறுவனத்திடம் இருந்தது. புதிய திட்டம் வரியோடு மாதம் 942 ரூபாய் 82 காசு. ‘சரிக்கட்டினால்’ 3,540 ரூபாய்க்கு மூன்று மாதம் இருபத்திரண்டு நாள் கிடைக்கும். பொருத்தும் கட்டணத்தையும் வரியோடு அதிலேயே கழித்துக்கொண்டால் இரண்டு மாதம்கூடத் தேறாது. ஏற்கெனவே விலைபேசிப் பணம் வாங்கி முடித்த ஆறு மாதத்தை நிறுவனம் புது விலைக்கு மறுபடி விற்கிறது. விலையுயர்வு என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது உண்மையில் கணக்குத் தகராறு. விலையைக் கேட்க ஆள் இல்லை. கணக்கைக் கேட்க வழி இருந்தது.

டிராயின் 1999-ஆம் ஆண்டுக் கட்டண ஆணையும் அதற்கு வந்த திருத்தங்களும் இதில் இரண்டு பாதுகாப்புகளைத் தருகின்றன. ஒரு சந்தாதாரர் ஒரு திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு அந்தத் திட்டம் அவருக்குக் கிடைக்க வேண்டும். அதற்குள் அவருக்குப் பாதகமாகக் கட்டணத்தை ஏற்றக் கூடாது. இது பலருக்கும் தெரிந்த விதி. தெரியாதது 2006-இல் சேர்ந்தது: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குச் செல்லும் என்று சொல்லி முன்கூட்டியே பணம் வாங்கியிருந்தால், சொன்ன காலம் முழுவதும் அந்தத் திட்டம் இருக்க வேண்டும். இந்த விதிகள் தொலைபேசி உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்களைக் குறித்து எழுதப்பட்டவை. எங்களுக்குச் சேவை தந்தது தொலைபேசியும் தருகிற நிறுவனம் என்று முதலிலேயே சொன்னது அதற்காகத்தான்.

ஜூன் 1-இல் தொடங்கினால் நவம்பர் 30-ஓடு சரியாக ஆறு மாதம் முடிகிறது. “நாள் பார்த்துத்தான் குறித்திருக்கிறான்” என்று தலைமையாசிரியர் இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களைப் போல ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டியிருந்த இன்னும் ஐந்து வீடுகளும் வேறு வேறு மாதங்களில் கட்டியவை. மாதக் கடைசி என்று எவரோ ஒருவர் ஒரு தேதி போட்டார், அவ்வளவே.

புகார் எண்

சட்டம் தெரிந்துகொள்ள ஓர் இரவு போதுமானதாக இருந்தது. ஒரு புகார் எண் வாங்க மூன்று நாள் ஆனது.

டிராயின் 2012-ஆம் ஆண்டுப் புகார் தீர்வு ஒழுங்குமுறைகளின்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையம்; அங்கே பதிவானதும் ஒரு எண் தர வேண்டும். தீர்வு திருப்தியில்லை என்றால் முப்பது நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் எண் இல்லாமல் மேலே போக முடியாது. மையத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

முதல் அழைப்பில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் புதிய திட்டத்தின் சிறப்புகளைச் சொன்னார். எண் கேட்டேன். “சார், நீங்கள் தகவல்தானே கேட்டீர்கள்? இதற்கு எண் வராது” என்றார். இரண்டாவது அழைப்பில் எண் வந்தது. அது ஃபைபருக்கு மாற விருப்பம் தெரிவித்த விண்ணப்பத்தின் எண்! மறுநாள் அழைத்து ரத்து செய்யச் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்றாவது முறை பேசுமுன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

“நான் தகவல் கேட்கவில்லை. மே 31 வரைக்கும் பணம் வாங்கிய திட்டத்தை நவம்பர் 30-இல் நிறுத்துகிறீர்கள். இதைக் கட்டணப் புகாராகப் பதிவு செய்யுங்கள். எண் வரும்வரை நான் வைக்கமாட்டேன்.”

“சார், சிஸ்டத்தில் அந்த வகை காட்டவில்லை.”

“எந்த வகை காட்டுகிறதோ அதில் போடுங்கள், தங்கச்சி. விவரத்தில் நான் சொன்ன வாக்கியத்தை எழுதுங்கள்.”

பதினேழு நிமிடம். எண் வந்தது. அந்தத் தாளை நகலெடுத்து மற்ற வீடுகளுக்கும் கொடுத்தேன். மூன்று நாளில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. எவரும் அழைக்கவில்லை, எதுவும் மாறவில்லை. தலைமையாசிரியருக்குக் கோபத்தில் கை நடுங்கியது. எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி, ஏனென்றால் மேல்முறையீட்டுக்குக் கதவு திறந்துவிட்டது.

நவம்பர் 24 அன்று ஏழு மேல்முறையீடுகள் மின்னஞ்சலில் போயின. ஆண்டுச் சந்தா கட்டிய ஆறு வீடு, மாதக் கட்டணம் கட்டிய அறை வாடகை அக்கா வீடு. ஒரே கடிதமாக எல்லோரும் கையெழுத்துப் போடலாம் என்ற யோசனை வந்தது, நான் ஒப்பவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தேதி வேறு, தொகை வேறு. கூட்டு மனுவுக்குக் கூட்டுப் பதில்தான் வரும். தலைமையாசிரியரின் ரசீது காணாமல் போயிருந்ததால் வங்கிக் கணக்கின் பதிவையும் நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைத்த கட்டணப் பட்டியல் நகலையும் இணைத்தோம். அவர் தம் கடிதத்தை ஐந்து பக்கத்துக்கு எழுதியிருந்தார், திருக்குறளோடு. அதை ஒரு பக்கமாக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

நாங்கள் வைத்த வாதங்களில் ஒன்று தோற்றது. அதையும் சொல்ல வேண்டும். உரிம நிபந்தனைப்படி சேவையை விலக்கிக்கொள்ளச் சந்தாதாரர்களுக்கு முப்பது நாள் அறிவிப்புத் தர வேண்டும், பதினாறு நாள் போதாது என்று எழுதியிருந்தேன். நிறுவனம் உரிமத்தையே அரசிடம் ஒப்படைக்கும்போது பொருந்தும் நிபந்தனை அது. இங்கே மாறுவது கம்பி மட்டுமே என்று பதில் வந்தது. திரும்பப் படித்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னதுதான் சரி.

குடைக்குள் ஃபைபர்

டிசம்பர் 1 காலை மோடத்தில் விளக்கு அணைந்தது. தொலைபேசியை எடுத்தால் காதில் ஒலி இல்லை. முடிவு வரும்வரை காத்திருந்தால் என் வாடிக்கையாளர்கள் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்கள். ஃபைபர் விண்ணப்பத்தில் கையெழுத்துக்கு மேலே ‘மேல்முறையீட்டு முடிவுக்கு உட்பட்டு’ என்று கையால் எழுதிக் கொடுத்தேன், அதைப் படமும் எடுத்துக்கொண்டேன். வாங்கிய பையனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை.

ஃபைபர் பொருத்த ஆட்கள் வந்தது டிசம்பர் 21-ஆம் தேதி, பனி மூடிய மத்தியானம். கம்பத்துக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஒட்டும் இயந்திரத்தை வைத்தார்கள். ஃபைபரின் மேலுறையை உரித்தால் உள்ளே இருக்கிற கண்ணாடி இழை தலைமுடி கனம்தான். அதை ஆல்கஹாலில் நனைத்த தாளால் துடைத்து, நேராக வெட்டி, இரண்டு முனைகளை எதிரெதிரே வைத்தால் இயந்திரம் ஒரு மின்பொறியில் உருக்கி ஒட்டிவிடும். பனித்துளி ஒட்டினால் ஒட்டு சரியாக வராது. அம்மா குடையைக் கொண்டுவந்து பிடித்தார், ஆளுக்கு இல்லை, இயந்திரத்துக்கு. “ராசா, நீ நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்” என்றார்.

வீட்டுக்குள் வந்து சேர்கிற ஒளியின் வலிமையை அளவி வைத்துப் பார்த்தபோது மைனஸ் 27 காட்டியது. மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதானால் ஒளி பலவீனம். “பெட்டி பிடித்துக்கொள்ளும், சார். மழை வந்தால் விட்டுவிடும்” என்றான் பொருத்த வந்த தம்பி. மேலே ஒரு வளைவில் காட்டெருமை உரசிக் கம்பி மடங்கியிருந்தது. அதை நிமிர்த்தி மறுபடி ஒட்டிவந்த பிறகு மைனஸ் 22. இந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சிக்னல் வரவில்லை என்று காட்டும் ‘லாஸ்’ விளக்கு பெட்டியில் சிவப்பாக எரியும் நாளில், முன்பு எவ்வளவு இருந்தது என்று சொல்ல முடிந்தால் ஆள் சீக்கிரம் வருகிறார்.

ஃபைபர் வந்த பிறகு நாங்கள் இழந்தது ஒன்று உண்டு. எந்தக் குறுஞ்செய்தியும் அதைச் சொல்லவில்லை. செப்புத் தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வரும். காற்றில் மரம் சாய்ந்து இரண்டு நாள் மின்சாரம் இல்லாதபோதும் அம்மா பழனியில் இருக்கும் தங்கையோடு பேசிக்கொண்டிருப்பார். ஃபைபர் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். அது போனால் தொலைபேசியும் போகும். 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்றை என் காசில் வாங்கினேன். நாலு மணி நேரம் தாங்குகிறது. இதை மேல்முறையீட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதத் தோன்றவில்லை.

முடிவு, மிச்சம்

டிசம்பர் 29, முப்பத்தைந்தாம் நாள், மேல்முறையீட்டு அதிகாரியின் முடிவு வந்தது. ஆண்டுச் சந்தா கட்டிய ஆறு வீடுகளுக்கும் அவரவர் ரசீதில் உள்ள கடைசித் தேதிவரை பழைய கட்டணத்தில் ஃபைபர். பொருத்தும் கட்டணம் தள்ளுபடி. இணைப்பு இல்லாத இருபது நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுக்கு அது 2024 ஜூன் 20.

மாதக் கட்டணம் கட்டியவர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் திட்டத்தில் சேர்ந்து ஆண்டுகள் ஆகிவிட்டன, ஆறு மாதப் பாதுகாப்பு எப்போதோ தீர்ந்துபோனது. விதிப்படி அது சரி. ஆனால் அந்த எட்டு வீடுகள்தான் எங்கள் சரிவில் கையில் காசு குறைந்தவை. ஒரே தடவையில் 7,080 கட்ட முடியாததால்தான் மாதாமாதம் கட்டினார்கள். மூன்று வீடுகள் இணைப்பே வேண்டாம் என்று விட்டுவிட்டன. விதிகளில் ‘விரும்பினால் வேறு திட்டத்துக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறலாம்’ என்று ஒரு தொனி எங்கும் ஓடுகிறது. பெருமாள்மலைச் சரிவில் அந்த வாக்கியத்துக்குப் பொருள் இல்லை.

அக்கா டிசம்பரில் இழந்த முன்பதிவுகளுக்கு இழப்பீடு கேட்டிருந்தார், மறுத்துவிட்டார்கள். அவருக்கு வேறு வழி இருந்தது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டித் தொலைபேசி வழக்குகள் நுகர்வோர் மன்றத்துக்கு வரக்கூடாது என்று நிறுவனங்கள் வெகுகாலம் வாதாடிவந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. திண்டுக்கல் மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “திண்டுக்கல் போய்வர ஒரு நாள். அன்றைக்கு அறையைப் பார்த்துக்கொள்வது யார், நீயா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய தொலைபேசிக்குக் கட்டியிருந்த 1,000 ரூபாய் வைப்புத்தொகை, இணைப்பு மூடிய அறுபது நாளுக்குள், அதாவது ஜனவரி 29-க்குள் வந்திருக்க வேண்டும். பிப்ரவரி 8-இல் வந்தது. தாமதத்துக்கு ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டி உண்டு. பத்து நாளுக்கு 2 ரூபாய் 74 காசு. நான் விட்டுவிட்டேன். தலைமையாசிரியர் விடவில்லை, டெல்லிக்காக வாங்கிய பதிவுத் தபால் உறை அதற்குத்தான் பயன்பட்டது. மூன்று ரூபாயாக முழுமைப்படுத்தி அவர் பட்டியலில் கழித்திருந்தார்கள். அந்தப் பட்டியலை அவர் எங்கள் அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினார்.

ஜூன் 21 முதல் 799. ஆண்டுச் சந்தா கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று வசூல் தம்பி வந்து சொன்னான். கட்டுவதாகச் சொன்னேன். கையில் இருந்த சிறு இயந்திரத்தில் ரசீது எடுத்துக் கொடுத்தான். தொகை மட்டும் இருந்தது, தேதி இல்லை. ‘முதல், வரை’ அச்சாகி வரட்டும், அதன் பிறகு பணம் என்றேன். “எல்லோரும் இதைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள், அண்ணே” என்று முனகிக்கொண்டே அலுவலகத்துக்கு அழைத்தான். அரைமணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தான்; அம்மா காப்பி கொடுத்தார். தேதியோடு மின்னஞ்சலில் வந்ததை அச்செடுத்தேன். அம்மா வாங்கி, நடுவில் பார்த்து, சிறிய எழுத்து படாமல் ஓரமாகக் கம்பியில் குத்தினார்.